அப்பா அம்மாவிடம் உங்கள் முடிவைச் சொல்வது எப்படி: வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

அலுவலகத்தில் 12 பேரைக் கட்டி மேய்க்கிறவர், வீட்டில் அப்பா "ம்" என்று ஒற்றை எழுத்தில் பதில் சொன்னதும் 14 வயதுப் பிள்ளையாகிவிடுகிறார். குரல் மெலிகிறது. யாரும் கேட்காத விளக்கமெல்லாம் வாயில் வருகிறது. கடைசியில் "சரி, பார்க்கலாம்" என்று எழுந்து வந்து, மாடிப்படியில் நின்று தன்னையே நொந்துகொள்கிறார். மறுவாரம் அதே காரியத்தை மறைவாகச் செய்கிறார், இல்லையென்றால் கத்திச் சொல்கிறார். எப்படிச் செய்தாலும் அப்பாவுக்கு அவமானம், பிள்ளைக்குக் குற்ற உணர்வு.

முடிவு உங்களுடையதாகவே இருக்கட்டும். ஆனால் அதை அவர்கள் உங்கள் வாயால், உரிய நேரத்தில், உரிய முறையில் கேட்கட்டும். கீழே வருவதில் பெரும்பகுதி அந்த "உரிய" என்ற சொல்லைப் பிரித்துப் பார்ப்பதுதான்.

தொடங்கும் முன் இரண்டு விலக்குகள். அடி, பூட்டிவைத்தல், கொலை மிரட்டல், சம்பளத்தையோ சான்றிதழ்களையோ பிடுங்கிவைத்தல், கட்டாயத் திருமணம் இவற்றில் ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால் இந்தப் படிகள் உங்களுக்கானவை அல்ல. அங்கே முதல் வேலை பாதுகாப்பு: சான்றிதழ்கள், கொஞ்சம் பணம், போய்த் தங்க ஓர் இடம், விஷயம் தெரிந்த நம்பகமான ஒருவர். இந்த நான்கும் கைக்கு வரும்வரை எதையும் முகத்துக்கு நேரே அறிவிக்க வேண்டாம். அடுத்து, படிப்புச் செலவும் சாப்பாடும் இன்னும் அவர்கள் கையிலிருந்துதான் வருகிறது என்றால், வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்: முதலில் வருமானம், பிறகு அறிவிப்பு. அதை யாரும் கோழைத்தனம் என்று சொல்ல முடியாது. நிற்கும் கிளையை வெட்டாமல் இருப்பது, அவ்வளவுதான்.

படி 1: ஒரு தாள், மூன்று கட்டம்

தாளில் இரண்டு கோடு போட்டு மூன்றாகப் பிரியுங்கள். "என்னுடையது", "எங்களுடையது", "அவர்களுடையது". கடந்த ஓராண்டில் வீட்டில் உரசல் வந்த விஷயங்களை நினைவுபடுத்தி, ஒவ்வொன்றையும் ஒரு கட்டத்தில் போடுங்கள். 10 முதல் 15 வரை தேறும். எந்தக் கட்டம் என்று தீர்மானிக்க ஒரே கேள்வி போதும்: இதன் விளைவை நாளும் பொழுதும் சுமக்கப்போவது யார்?

என்ன வேலை, யாரோடு வாழ்வது, எதை நம்புவது, குழந்தை எப்போது, உடம்பு எப்படி இருக்க வேண்டும் என்பதெல்லாம் முதல் கட்டம். அவர்கள் வீட்டில் எத்தனை நாள் தங்குவது, பேரப்பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது, பொதுச் சொத்து, அவர்கள் பணம் கலந்த எதுவானாலும் நடுக்கட்டம். இதில் நிறையப் பேர் ஏமாற்றுகிறார்கள். வீட்டுக்கு முன்பணம் அப்பா கொடுத்தது, ஆனால் "எந்த வீடு என்பது என் சொந்த முடிவு" என்று வாதம். பணம் எவ்வளவு கலந்திருக்கிறதோ அவ்வளவு பேச்சுரிமையும் கலந்திருக்கிறது. அது வேண்டாம் என்றால் பணமும் வேண்டாம் என்று இருக்க வேண்டும்.

மூன்றாவது கட்டத்தைப் பெரும்பாலானோர் காலியாக விட்டுவிடுவார்கள். அவர்கள் எந்த ஊரில் இருப்பது, எந்த டாக்டரிடம் போவது, சேமிப்பை என்ன செய்வது, யாரோடு பழகுவது, இந்த வயதில் புதிதாக ஒரு தொழில் தொடங்குவது எல்லாம் அவர்களுடையவை. தன் வாழ்க்கையில் அம்மா தலையிடுகிறாள் என்று குமுறுகிறவரே, அம்மாவின் பழைய அலமாரியைக் கேட்காமல் தூக்கிப்போட்டு, அவள் செல்போனில் எந்தச் செயலி இருக்கலாம் என்று தீர்ப்பும் சொல்வார். இந்தக் கட்டத்தில் குறைந்தது மூன்று விஷயமாவது எழுதும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். நீங்கள் கேட்கும் அதே உரிமையை அவர்களுக்கு விட்டுக்கொடுக்கிறீர்கள் என்பது அவர்கள் கண்ணில் பட்டால், பாதி வாதம் தானாக அடங்கும்.

படி 2: உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"மார்ச் மாதம் இந்த வேலையை விட்டுவிட்டு ஆசிரியர் பயிற்சியில் சேர்கிறேன்." இந்த அளவு துல்லியம் வேண்டும். "எனக்குன்னு ஒரு வாழ்க்கை வேணும்" என்பது முடிவு ஆகாது, புலம்பல். அதைக் கேட்கும் பெற்றோருக்குத் தாங்கள் ஏதோ கொடுமை செய்துவிட்டதாக மட்டும்தான் புரியும்.

எழுதியதை இரண்டு வாரம் மடித்து வையுங்கள். பிறகு எடுத்து, இப்படிக் கேளுங்கள்: அவர்கள் முழு மனதாகச் சம்மதித்தாலும் இதைச் செய்வேனா? தயக்கம் வந்தால், அது உங்கள் ஆசையாக இல்லாமல் அவர்களுக்கு எதிரான ஆட்டமாக இருக்கலாம். அமெரிக்க மனநல மருத்துவர் மர்ரே போவன் 1950களில் முழுக் குடும்பங்களையே மருத்துவமனைப் பிரிவில் தங்கவைத்துக் கவனித்தவர். குடும்பத்தோடு ஒட்டுறவாக இருந்துகொண்டே தனக்கென்று ஒரு நிலை எடுக்கும் திறனைத் தன் கோட்பாட்டின் மையத்தில் வைத்தார். அவர் பார்வையில், எல்லாவற்றுக்கும் தலையாட்டும் பிள்ளையும் எல்லாவற்றையும் எதிர்க்கும் பிள்ளையும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள். பெற்றோர் சொல்வதற்கு நேரெதிராகவே செய்கிறவரின் வாழ்க்கையையும் பெற்றோர்தான் தீர்மானிக்கிறார்கள்.

அதேபோல, அவர்கள் விருப்பத்துக்கு இணங்குவதெல்லாம் தோல்வியும் இல்லை. மனிதருக்கு எது உந்துதல் தருகிறது என்று ஆராய்ந்த எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் இருவரும் தன்னாட்சி என்பதையும் யாரையும் சாராமல் இருப்பதையும் தனித்தனியாகப் பிரித்தார்கள். அம்மாவுக்காக ஒரு வாரம் அவளோடு பயணம் போகலாம், அப்பாவுக்காக அவருடைய நண்பர் வீட்டு விசேஷத்தில் தலைகாட்டலாம். மனமுவந்து செய்தால் அது உங்கள் முடிவுதான். பல்லைக் கடித்துக்கொண்டு செய்தால், அந்தக் கடன் இன்னொரு நாள் வேறொரு சண்டையில் வட்டியோடு வெளியே வரும்.

படி 3: அறிவிப்பா, ஆலோசனையா?

முழுக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். வாயைத் திறப்பதற்கு முன், முடிவெடுத்துவிட்டு அதைத் தெரிவிக்கப் போகிறீர்களா, இல்லை முடிவெடுக்கும் முன் யோசனை கேட்கப் போகிறீர்களா என்று உங்களுக்குள் உறுதியாக்கிக்கொள்ளுங்கள்.

வீட்டுச் சண்டைகளில் பெரும்பங்கு இந்த இரண்டையும் குழப்புவதால் வருகிறது. வேலையை விட்டாயிற்று, ஆனால் மரியாதையாக இருக்கட்டும் என்று "வேலையை விடலாமான்னு யோசிக்கிறேம்பா, நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று தொடங்குவது. அப்பா அதை உண்மையான கேள்வி என்று நம்பி, இரண்டு நாள் யோசித்து, நாலு பேரிடம் விசாரித்து வந்து சொல்கிறார்: "வேண்டாம்." இப்போது நீங்கள் அவர் யோசனையைத் தூக்கியெறிந்தாக வேண்டும். நேராக அறிவித்திருந்தால் அவருக்கு வருத்தம் மட்டும் வந்திருக்கும். கேட்டுவிட்டு மீறியதால் வருத்தத்தோடு அவமானமும் சேர்ந்துவிட்டது. பணிவு என்று நினைத்துச் செய்ததுதான் அவரை அதிகம் காயப்படுத்தியது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. உண்மையிலேயே குழப்பத்தில் இருக்கும்போது, வீறாப்புக்காக "முடிவு பண்ணிட்டேன்" என்று சொல்லிவிடுவது. அப்புறம் மனம் மாறினாலும் திரும்ப வழியில்லை.

ஆகவே சொல்லும் முதல் வாக்கியத்திலேயே அது எந்த வகை என்று தெரிய வேண்டும். அறிவிப்பு என்றால்: "ஒரு முடிவு எடுத்திருக்கேன், வேற யாருக்கும் தெரியறதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லணும்." ஆலோசனை என்றால்: "இன்னும் எதுவும் முடிவாகல. உங்க அனுபவம் என்ன சொல்லுதுன்னு கேக்கணும். முடிவு நான்தான் எடுப்பேன், ஆனா நீங்க சொல்றதைக் கேட்டுட்டு எடுக்கணும்னு இருக்கேன்." இரண்டாவதைச் சொல்லிவிட்டால் நிஜமாகவே கேட்க வேண்டும். குறித்துக்கொள்ளுங்கள், ஒரு வாரம் எடுங்கள். ஏற்காவிட்டாலும் "நீங்க கடன் பத்திச் சொன்னது சரிதான், அதனால ஆறு மாசச் செலவுக்கு முதல்ல சேத்து வச்சுக்கிறேன்" என்று எதை எடுத்துக்கொண்டீர்கள் என்பதைத் திரும்பப் போய்ச் சொல்லுங்கள்.

படி 4: சொல்லப்போகும் சொற்களைத் தயார் செய்யுங்கள்

மூன்று துண்டு போதும்: முடிவு, மாறாமல் இருப்பது, அடுத்து நடக்கப்போவது. எல்லாம் சேர்த்து ஆறேழு வாக்கியத்துக்கு மேல் போகக் கூடாது.

"அப்பா, அம்மா, ஜூன் மாசம் தனியா வீடு எடுத்துப் போறேன். உங்களோட கோவிச்சுக்கிட்டு போகல. ஞாயித்துக்கிழமை மத்தியானம் எப்பவும்போல இங்கதான் சாப்பிடுவேன். அப்பாவோட செக்கப்புக்கு நான்தான் கூட வருவேன். வீடு இன்னும் பார்க்கல. பார்த்ததும் உங்களைக் கூட்டிட்டுப் போய்க் காட்டறேன்."

காரணங்கள் இதில் அதிகம் இல்லை என்பதைப் பாருங்கள். காரணம் அதிகமாகச் சொன்னால் நம்புவார்கள் என்று தோன்றும், நடப்பது நேர்மாறு. ஒவ்வொரு காரணமும் அவர்கள் பிடித்து இழுக்க ஒரு கைப்பிடி. "ஆபீஸ் தூரம்" என்றால் "வண்டி வாங்கித் தர்றோம்" என்று வரும். "சத்தமா இருக்கு" என்றால் "மாடி அறையை எடுத்துக்கோ". ஏழு காரணத்தையும் அவர்கள் தீர்த்துவைத்த பிறகு, போவதற்கு உங்களிடம் காரணமே மிச்சமிருக்காது. உண்மையான காரணம் ஒன்றை மட்டும் சொல்லுங்கள், அது எவ்வளவு எளிமையாக இருந்தாலும்: "தனியா இருந்து பார்க்கணும்னு இருக்கு."

நடுத்துண்டான "மாறாமல் இருப்பது" தெளிவாக இருக்க வேண்டும். "உங்களை எப்பவும் மறக்க மாட்டேன்" என்ற பேச்சு காற்றோடு போய்விடும். கிழமை, நேரம், வேலை என்று சொல்லுங்கள். செய்ய முடியாததைச் சொல்லாதீர்கள். வாரம் ஒருமுறைதான் வர முடியும் என்றால் மூன்று முறை என்று வாக்குக் கொடுத்து மூன்றாவது மாதம் பொய்யராக வேண்டாம்.

கண்ணாடி முன் இல்லாவிட்டாலும் ஒரு நண்பர் முன்பாவது இரண்டு முறை சொல்லிப் பாருங்கள். முதல்முறை சொல்லும்போது எந்த வார்த்தையில் குரல் உடைகிறதோ, அந்த நாளிலும் அங்கேதான் உடையும்.

படி 5: நேரம், இடம், ஆள்

விசேஷ நாள், விருந்தாளி இருக்கும் வேளை, ராத்திரி தூங்கப் போகும் நேரம், நீங்கள் ஊருக்குக் கிளம்பும் கடைசி அரைமணி இவை வேண்டாம். கடைசி அரைமணி நிறையப் பேருக்கு வசதியாகப் படுகிறது, ஏனென்றால் சொல்லிவிட்டு ஓடிவிடலாம். அந்தப் பேச்சை அவர்கள் தனியாக மென்றுகொண்டிருக்கிறார்கள். சாப்பிட்டு முடித்து, அவசரம் இல்லாத ஒரு பகல்பொழுது. நேரில், முடியாவிட்டால் வீடியோ அழைப்பில். குறுஞ்செய்தியில் கூடாது. எழுத்தில் குரல் இருக்காது, அதோடு அது உறவினர் குழுக்களுக்கெல்லாம் பறந்துவிடும்.

இருவரிடமும் சேர்த்தே சொல்லுங்கள். "அம்மா, நீயே அப்பாகிட்ட பக்குவமா சொல்லிடு" என்பது பழைய பழக்கம். அதில் அம்மாவுக்கு இரண்டு பக்கமும் அடி. போவன் இதை முக்கோணம் என்றார்: இருவருக்கிடையே பதற்றம் ஏறும்போது மூன்றாமவரை இழுத்து அதை இறக்கிவைப்பது. இறக்கிவைத்த பதற்றம் தீர்வதில்லை, ஆள் மாறி உட்காருகிறது. ஒருவரிடம் முதலில் சொன்னால்தான் ஆகும் என்றால், "நாளைக்கு அப்பாகிட்ட நானே சொல்றேன், அதுவரைக்கும் மட்டும் உன்கிட்ட இருக்கட்டும்" என்று 24 மணி நேரத்துக்கு மேல் அந்தச் சுமையை அவர் தலையில் வைக்காதீர்கள்.

திருமணமானவர்களுக்கு ஒரே விதி: அவரவர் பெற்றோரிடம் அவரவர் பேசுவது. "அவளுக்குப் பிடிக்கலம்மா" என்று மனைவியின் பின்னால் ஒளிந்துகொள்ளும் மகனும், "அவர் விடமாட்டேங்கறார்" என்று சொல்லும் மகளும் அந்த நிமிடம் தப்பித்துக்கொள்கிறார்கள். அதற்கான கோபத்தை மருமகளும் மருமகனும் பல வருடம் சுமக்கிறார்கள். "நான் வரல" என்பதுதான் சொல்ல வேண்டியது.

படி 6: பேச்சு நடக்கும்போது

சொல்லி முடித்ததும் நிறுத்துங்கள். அமைதி வரும். அரை நிமிடம்கூட நீளமாகத் தெரியும். அதை நிரப்பப் போய்த்தான் முன்பு சொன்ன ஏழு காரணமும் வாயில் வரும். அம்மா புடவைத் தலைப்பைத் திருகுவாள், அப்பா பேப்பரை மடித்து மடித்து வைப்பார். மடிக்கட்டும்.

அதன் பிறகு வருவது மூன்றில் ஒன்று. பயம் என்றால் கேள்விகளாக வரும்: சம்பளம் வருமா, உடம்புக்கு முடியலைன்னா யார் இருக்கா, அந்த இடம் பாதுகாப்பா? இவற்றுக்கு விவரமாகப் பதில் சொல்லுங்கள். இங்கே மட்டும் கணக்கு வழக்கு, தேதி, தொலைபேசி எண் எல்லாம் எடுத்து வைக்கலாம். துக்கம் என்றால் கேள்வி இருக்காது. "நாங்க என்னென்னமோ நினைச்சிருந்தோம்" என்று இழுத்து நிற்கும். அதற்குப் பதில் தேவையில்லை. அவர்கள் மனதில் கட்டிவைத்திருந்த ஒன்று இடிந்திருக்கிறது, கூட உட்கார்ந்திருங்கள். மூன்றாவது, பிடியை விடாத முயற்சி. அது பயம் மாதிரியே ஒலிக்கும், ஆனால் எந்தப் பதிலாலும் தணியாது. ஒன்றுக்குப் பதில் சொன்னால் அடுத்தது முளைக்கும். அங்கே விளக்கத்தை நிறுத்திவிட்டு, அதே வாக்கியத்தை அதே குரலில் சொல்ல வேண்டும்.

வழக்கமாக வந்து விழும் சில சொற்கள்:

"இதுக்காகவா உன்னைப் படிக்க வச்சோம்?" இதற்கு "நான் கேட்டேனா?" என்று பதில் சொன்னவர்கள் பத்து வருடம் கழித்தும் அதற்கு வருந்துகிறார்கள். "நீங்க படிக்க வச்சதாலதான் இப்படி யோசிச்சு முடிவெடுக்க முடியுது" என்பது உண்மையும்கூட.

"நாலு பேர் என்ன சொல்வாங்க?" அந்த நாலு பேரைத் திட்டாதீர்கள். அவர்களோடுதான் அப்பா அம்மா தினமும் பழக வேண்டும். "அவங்க கேட்டா என்ன சொல்லணும்னு சேர்ந்தே யோசிப்போம்" என்று ஒரு வரியை அவர்கள் கையில் கொடுங்கள். வெளியே சொல்ல ஒரு பதில் கிடைத்துவிட்டால் பலருக்குப் பாதி பாரம் இறங்கிவிடும்.

"நாங்க போன பிறகு உன் இஷ்டப்படி செய்." இது வலிக்கவே சொல்வது. "அப்படிச் சொல்லாதீங்க, கஷ்டமா இருக்கு" என்று மட்டும் சொல்லி நிறுத்துங்கள். முடிவைப் பற்றிய பேச்சை அந்த இடத்தில் தொடர வேண்டாம். ஆனால் உயிரை மாய்த்துக்கொள்வதாகத் திட்டவட்டமாகச் சொன்னால், அதைப் பேரமாகவும் எடுத்துக்கொள்ளாதீர்கள், வெற்று மிரட்டலாகவும் ஒதுக்காதீர்கள். அவரைத் தனியே விடாமல், அன்றைக்கே மருத்துவ உதவி தேடுங்கள். முடிவைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

உங்கள் உடம்பையும் கவனியுங்கள். தம்பதிகளின் வாக்குவாதங்களை ஆய்வுக்கூடத்தில் வைத்து அளந்த ஜான் காட்மன், இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டும் நிலையில் எதிராளி சொல்வது காதிலேயே ஏறுவதில்லை என்று கண்டார். தணிவதற்குக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும் என்பது அவர் கணக்கு. பிள்ளை பெற்றோர் பேச்சுக்கும் இது அப்படியே உதவும். காது சூடாகி, வாய் உலர்ந்தால் "20 நிமிஷம் நடந்துட்டு வர்றேன், வந்து பேசலாம்" என்று எழுந்திருங்கள். திரும்பி வரும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போவது முக்கியம். சொல்லாமல் போனால் கோபித்துக்கொண்டு வெளியேறியதாகக் கணக்கு. போன இடத்தில் வாதங்களை மனதில் ஓட்டிக்கொண்டிருந்தால் துடிப்பு இறங்காது.

முதல் பேச்சு அரைமணிக்குள் முடியட்டும். ஒரே உட்காரலில் சம்மதம் வாங்க வேண்டும் என்று நினைப்பவர்கள்தான் நள்ளிரவுவரை சண்டை போடுகிறார்கள். உங்களுக்கு வேண்டியது அவர்கள் கேட்டுக்கொண்டார்கள் என்பது. சம்மதம் பிறகு வரலாம், வராமலும் போகலாம்.

படி 7: அடுத்த சில வாரங்கள்

பேச்சு முடிந்ததும் நிலைமை முதலில் மோசமாகும். லிஃப்ட் பொத்தானை அழுத்தியும் கதவு திறக்கவில்லை என்றால் என்ன செய்கிறோம்? இன்னும் வேகமாக, பலமுறை அழுத்துகிறோம். இத்தனை காலம் பலன் தந்த ஒன்று திடீரென்று பலன் தராதபோது, கைவிடும் முன் அதையே கூடுதல் வேகத்தில் செய்துபார்ப்பது பழக்கத்தின் இயல்பு என்று நடத்தையியல் சொல்கிறது. மௌனம், அழுகை, பேசாமல் போனை வைப்பது, பெரியப்பாவைத் தூது அனுப்புவது எல்லாம் அந்தப் பொத்தான் அழுத்தல்கள்.

ஆகப்பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது. ஒன்பது நாள் உறுதியாக இருந்துவிட்டு பத்தாம் நாள் இளகி "சரி, வேண்டாம் விடுங்க" என்பது. அதோடு அந்த ஒரு முடிவு மட்டும் போகவில்லை. பத்து நாள் பேசாமல் இருந்தால் பலன் கிடைக்கும் என்று நீங்களே அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறீர்கள். அடுத்தமுறை மௌனம் பத்து நாளுக்குக் குறையாது. மாற்றிக்கொள்ள நல்ல காரணம் இருந்தால் தாராளமாக மாற்றுங்கள். ஆனால் மௌனம் நடக்கும்போது மாற்றாதீர்கள். பேச்சு திரும்பிய பிறகு, எந்தத் தகவலால் மாறினீர்கள் என்று சொல்லி மாற்றுங்கள்.

இதே வாரங்களில் தொடர்பை நீங்கள் அறுக்கக் கூடாது. அவர்கள் போனை எடுக்காவிட்டாலும், சொன்ன கிழமை, சொன்ன நேரத்தில் அழையுங்கள். எடுக்காவிட்டால் "கூப்பிட்டேன், நல்லா இருக்கேன், வியாழக்கிழமை மறுபடி கூப்பிடறேன்" என்று ஒரு வரி. எடுத்தால் பத்து நிமிடம் போதும். கண் பரிசோதனை என்ன ஆச்சு, மோட்டார் ரிப்பேர் ஆச்சா என்று சாதாரணப் பேச்சு. முடிவைப் பற்றி அவர்கள் எடுத்தால் ஒருமுறை பதில், இரண்டாம் முறை "அதைத்தான் பேசிட்டோமேம்மா", மூன்றாம் முறை "சரிம்மா, வியாழக்கிழமை பேசறேன்" என்று மென்மையாக முடித்துவிடுங்கள்.

தூது வருகிற உறவினரிடம் வாதாட வேண்டாம், புகாரும் சொல்ல வேண்டாம். "அக்கறையா கேட்டதுக்கு நன்றி பெரியப்பா. இதை நானும் அப்பாவும் பேசிக்கிட்டிருக்கோம்." அவ்வளவு. நீங்கள் அவரிடம் அப்பாவைப் பற்றிச் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உப்பு காரம் சேர்ந்து வீட்டுக்குப் போய்ச் சேரும்.

பணத்தைப் பற்றிக் கொஞ்சம்

கொடுப்பதாக இருந்தால் மாதாமாதம் ஒரே தொகை, ஒரே தேதி, கேட்கும் முன்பே. கேட்டு வாங்குவது அவர்களுக்குக் கூச்சம். ஒவ்வொரு முறையும் யோசித்துக் கொடுப்பது உங்களுக்கு எரிச்சல். தொகையை நிர்ணயிக்கும்போது உங்கள் வாடகை, கடன், அவசர நிதி மூன்றையும் கழித்த பிறகு பாருங்கள். கடன் வாங்கி அனுப்பும் பிள்ளை சில வருடங்களில் அவர்களுக்கே பாரமாக வந்து நிற்பார். இடையில் பெரிய தொகை கேட்டால் "நாளைக்குச் சொல்றேன்" என்பது நிரந்தரப் பதிலாக இருக்கட்டும், மருத்துவ அவசரம் தவிர. குற்ற உணர்வை ஆற்றிக்கொள்ளப் பணம் அனுப்பாதீர்கள். எதற்காக வந்தது என்று அவர்களுக்கும் தெரிந்துவிடும். வாங்குவதாக இருந்தால் அது அன்பளிப்பா, கடனா என்று அன்றே பேசி ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கடன் என்றால் தவணையும் எழுதுங்கள். எழுதக் கூச்சப்படுகிறவர்கள் பின்னால் தம்பி தங்கைகள் முன்னால் கூனிக் குறுக வேண்டிவரும்.

குற்ற உணர்வு வரும், வரட்டும்

முதல்முறை "இல்லை" சொன்ன அன்று ராத்திரி தூக்கம் வராது. தப்புச் செய்ததற்கு அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தாளில் இரண்டு கேள்வி எழுதுங்கள். நான் பொய் சொன்னேனா, கேவலப்படுத்தினேனா, கொடுத்த வாக்கை மீறினேனா? அல்லது அவர்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் செய்தேனா? முதல் கேள்விக்கு ஆம் என்றால் சரிசெய்ய வேலை இருக்கிறது. இரண்டாவது மட்டும் என்றால் செய்ய ஒன்றுமில்லை, பழகுவதுதான். இந்தக் குற்ற உணர்வு போன பிறகு முடிவெடுக்கலாம் என்று காத்திருப்பவர்கள் காத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

மதிப்பு எங்கே கண்ணில் படும்

பெரிய முடிவில் இணங்கவில்லை என்றால் மதிப்பை வேறெங்காவது காட்டியாக வேண்டும், அதுவும் ஏட்டுக் கணக்கில்லாமல். நல்லது கெட்டது எதுவானாலும் ஃபேஸ்புக்கில் போடும் முன் அவர்களுக்குத் தெரியட்டும். "பையன் வேலை மாறிட்டானாமே?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டு அப்பா முழிக்கும் அந்த நொடி, வேலை மாறியதைவிடப் பெரிய அடி. நாலு பேர் முன்னால் அவர்கள் சொல்லும் கதையில் தேதி தப்பு, பெயர் தப்பு என்று திருத்தாதீர்கள். அவர்களுக்கு நிஜமாகவே நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பற்றி மாதத்துக்கு ஒருமுறையாவது யோசனை கேளுங்கள், கேட்டதைச் செய்து, விளைவையும் போய்ச் சொல்லுங்கள். மின்சாரம், செடி, கணக்கு, குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஏதாவது ஒன்றில் அவர்கள் உங்களைவிடக் கெட்டிக்காரர்களாகத்தான் இருப்பார்கள். தெரிந்துகொண்டே கேட்கும் போலிக் கேள்வி வேண்டாம், முகத்திலேயே தெரிந்துவிடும்.

அவர்களுக்கு வயதாகும்போது

சமூகப்பணி ஆய்வாளர் மார்கரெட் பிளெங்க்னர் 1965ல் இதற்கு ஒரு சொல் கொடுத்தார். தமிழில் "பிள்ளை முதிர்ச்சி" எனலாம்: நடுவயதை எட்டும் பிள்ளை, பெற்றோரை வெறும் அப்பா அம்மாவாக இல்லாமல், சொந்த ஆசைகளும் குறைகளும் பழைய காயங்களும் உள்ள தனி மனிதர்களாகப் பார்த்து, அவர்கள் சாய்ந்துகொள்ள இடம் கொடுப்பது. முதுமையில் அப்பா அம்மா நமக்குப் பிள்ளையாகிவிடுகிறார்கள் என்று பொதுவாகச் சொல்வதை அவர் ஏற்கவில்லை. நடைமுறையில் இது பெரிய வித்தியாசம். குழந்தையாக நடத்தினால் மாத்திரையை வாயில் போட்டுவிட்டுக் கிளம்புவீர்கள். பெரியவராக நடத்தினால், மருந்தின் பெயர், அளவு, வேளை மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டு, "இது எதுக்குன்னு டாக்டர்கிட்ட நீங்களே கேளுங்க, நான் பக்கத்துல இருக்கேன்" என்பீர்கள். டாக்டர் உங்களைப் பார்த்துப் பேசினால், அப்பாவைப் பார்த்துப் பேசச் சொல்லுங்கள்.

நினைவு தப்பும் நோய் வந்து, விளைவை அவர்களே எடைபோட முடியாத நிலையில் மட்டும்தான், முதல் படியில் "அவர்களுடையது" என்ற கட்டத்தில் எழுதிய விஷயங்கள் உங்கள் கைக்கு மாறும். அப்போதும் எந்தச் சட்டை போடுவது என்பது போன்றவை அவர்களிடமே இருக்கட்டும். கூடப்பிறந்தவர்கள் இருந்தால் யார் எந்தக் கிழமை, எந்தச் செலவு யாருடையது என்று நெருக்கடி வரும் முன்பே பேசிவிடுங்கள். பக்கத்தில் இருப்பவரே எல்லாம் செய்வது, தூரத்தில் இருப்பவர் போனில் குறை சொல்வது என்பதுதான் பேசாமல் விட்ட வீடுகளில் நடக்கும் வழக்கமான ஏற்பாடு.

கத்திவிட்டால்

இத்தனை தயாரிப்புக்குப் பிறகும் ஒருநாள் கத்துவீர்கள். அப்போது மன்னிப்பு என்ற பேரில் முடிவையே திருப்பிக் கொடுத்துவிடுவது ஒரு தவறு. முடிவு சரி என்பதால் மன்னிப்பே கேட்காமல் இருப்பது இன்னொன்று. மறுநாளைக்குள், நேரில், "ஆனா நீங்களும்" என்ற சொல் இல்லாமல் சொல்லுங்கள்: "நேத்து அப்படிக் கத்தினது என் தப்புப்பா. முடிவு அதேதான், ஆனா சொன்ன விதம் தப்பு." அவர் ஒன்றும் சொல்லாமல் பேப்பரைப் பிரிக்கலாம். எழுந்து போய்விடாமல் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருங்கள்.